விளிம்புவரை ஊற்றிய தேநீர்

எங்கள் ஜார்கென்ட் ஊரில் குடியை விட வருபவர்களுக்கான சிகிச்சை நிலையத்தில் குலைம் ஆலோசகர். யாருடைய புலம்பலுக்கும் முகம் சுளிக்காதவள் என்று பெயர் வாங்கியவள். அந்தக் குளிர்காலத்தில் அவளுக்குள் ஏதோ வற்றிப்போயிருந்தது. வீட்டில் கணவன் எர்மெக் வாய் திறந்தாலே எரிச்சல் வந்தது. "ஊர் அழுகையெல்லாம் கேக்குற, என் மூட்டுவலியைக் கேக்க மாட்டியா?" என்று அவன் கிண்டலடித்தபோது, ரொட்டித் தட்டை நங்கென்று வைத்துவிட்டு எழுந்து போனாள். களைத்துவிட்டேன் என்று மட்டும் ஒப்புக்கொள்ளவில்லை. அடுத்தவர் மனத்தைப் படிப்பவர்களுக்கு இந்தத் திமிர் கொஞ்சம் உண்டு.

அவள் அறையில் பேச்சு தேநீரோடுதான் தொடங்கும். எங்கள் பக்கம் விருந்தாளிக்கு அரைக் கிண்ணத்துக்கும் குறைவாகத்தான் ஊற்றுவோம். தீரத் தீர ஊற்றலாம், பேச்சும் நீளும். விளிம்புவரை ஊற்றினால், குடித்துவிட்டுக் கிளம்பு என்று அர்த்தம்.

அன்று சாயங்காலம் லாரி ஓட்டும் தவுலெத் வந்தான். கோடையில் குடியை நிறுத்தியவன்.

"அக்கா, பொண்டாட்டி பிள்ளையத் தூக்கிக்கிட்டு அம்மா வீட்டுக்குப் போயிட்டா. வர்ற வழியில சந்தை முனை வோட்காக் கடை முன்னாடி வண்டிய நிறுத்திட்டேன்க்கா..."

குலைம் தலையாட்டிக்கொண்டே பால் கலந்த தேநீரை ஊற்றினாள். காலையிலிருந்து வந்தவர்களின் அழுகை இன்னும் காதில் இரைந்துகொண்டிருந்தது. கிண்ணம் நிறைந்ததை அவள் கவனிக்கவில்லை. தவுலெத் கவனித்தான். பேச்சை நிறுத்தி, சூட்டோடு சூடாகக் குடித்துவிட்டு, "நன்றிக்கா" என்று தொப்பியை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

மேசைத் துணியில் வழிந்திருந்த ஈரத்தைப் பார்த்த பிறகுதான் அவளுக்கு உறைத்தது. கோட்டுக்குப் பொத்தான்கூடப் போடாமல் ஓடினாள்.

சந்தை முனையில், வோட்காக் கடைக்கு எதிரே, லாரிப் படியில் அவன் உட்கார்ந்திருந்தான். கையில் புட்டி இல்லை. அவளுக்குப் போன உயிர் வந்தது.

"தம்பி, உன்னைப் போகச் சொல்லலடா. தெரியாம ஊத்திட்டேன்."

"விடுங்கக்கா. என் புலம்பல் எனக்கே அலுத்துப்போச்சு. நீங்களா இருக்கவும் கிண்ணத்தோட விட்டீங்க. நானா இருந்தா கெட்டிலையே தலையில கவுத்திருப்பேன்."

சிரிக்க வாயைத் திறந்தவளுக்கு அழுகைதான் வந்தது.

"என்னால முடியலடா. நீ இன்னைக்கு என்ன சொன்னாலும் என் காதுல ஏறாது. பொய்யாத் தலையாட்டத்தான் தெரியும்."

தவுலெத் திகைத்துப்போனான். பிறகு நகர்ந்து இடம் விட்டான். "அப்ப பேச வேண்டாம். சும்மா உக்காருங்க. நீங்க போயிட்டா நான் நேரா அங்கதான் போவேன்."

உட்கார்ந்தாள். அறிவுரை இல்லை, ஆறுதல் இல்லை. இருவருக்கும் மூக்கு சிவந்ததுதான் மிச்சம். கடைக்காரி கதவை இழுத்துப் பூட்டிக்கொண்டு போனாள்.

"இன்னைக்குத் தப்பிச்சாச்சு. ஏறுங்க, வீட்டுல விடுறேன்" என்றான்.

வண்டியில் ஏறியதும் குலைம் தலைமை மருத்துவருக்கு ஃபோன் செய்தாள். நாளைக்கு வரவில்லை என்றாள். காய்ச்சலா என்று கேட்டார்.

"இல்லீங்க டாக்டர். கொஞ்ச நாளா யாரு அழுதாலும் எனக்கு வலிக்கவே மாட்டேங்குது. பயமா இருக்கு."

தவுலெத் வண்டியைக் கிளப்பாமல் காத்திருந்தான்.