கிருமிகளுக்குச் சமைப்பவர்

என் அக்காவின் கணவர் இருபத்திரண்டு வருடமாகக் கிருமிகளுக்குச் சமைக்கிறார். நான் அதே ஆய்வகத்தில் அந்தக் கிருமிகளைக் கொல்ல மருந்து வடிவமைக்கிறேன். ஒரே வீட்டில் இப்படி இரண்டு பேர் இருந்தால் விளங்குமா?

புரதச் சாறு, உப்பு, சர்க்கரை எல்லாம் குடுவையில் கலந்து வேகவைத்து இறக்குவது அத்தானின் வேலை. அதைத் தின்று கிருமிகள் பெருகி, மறுநாள் சோதனைக் குழாய் கலங்கலாக இருக்க வேண்டும். தெளிவாக இருந்தால் மனுஷன் முகம் செத்துவிடும். வீட்டிலும் இதே கதைதான். யாராவது தட்டில் ஒரு வாய் மிச்சம் வைத்தால், "ஏன், நல்லா இல்லையா?" என்று உயிரை வாங்குவார்.

என்னுடைய கிருமியோ எந்த மருந்துக்கும் அசராத எமகாதகன். அதன் உடற்சுவரைக் கட்ட, கொத்தனார் மாதிரி ஒரு நொதி உண்டு. செங்கல் போலவே இருந்து, அந்தக் கொத்தனார் கையில் ஒட்டிக்கொண்டு விடாத ஒரு மூலக்கூறை நான் செய்ய வேண்டும். மூன்று வருடத்தில் நாற்பத்தாறு செய்தேன், அத்தனையும் மண்ணைக் கவ்வின. "அடுத்ததும் சரிவரலேன்னா திட்டத்த மூடிடலாம்மா" என்று இயக்குநர் சொல்லிவிட்டார். எனக்குச் சாப்பாடே இறங்கவில்லை. அத்தான் என் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நாற்பத்தேழாவதைச் சோதித்த மறுநாள் காலை, குழாய் பளிச்சென்று தெளிந்திருந்தது! நான் போட்ட கூச்சலில் இயக்குநரே ஓடிவந்து கைகுலுக்கினார். அத்தான் மட்டும், ஒப்பிட்டுப் பார்க்கக் கிருமி மட்டும் விட்டு, மருந்து சேர்க்காமல் வைத்த பக்கத்துக் குழாயை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். அறிவுகெட்ட நான் அதைப் பார்க்கவே இல்லை. அதுவும் தெளிவாக இருந்தது.

"சார், இது மருந்து பண்ண வேலையில்ல, நான் பண்ணது" என்றார். "பாப்பாவுக்குக் கடைசி வாய்ப்பாச்சேன்னு, கிருமிநாசினிய ரெண்டு மடங்கு ஊத்திக் குடுவையெல்லாம் கழுவினேன். சரியா அலசல போலிருக்கு."

"உங்க அக்கறையில தீய வைக்க!" என்று எல்லார் முன்னாலும் கத்திவிட்டேன்.

"தப்பு என்னோடது சார். என்னை என்ன வேணா பண்ணுங்க, பாப்பாவுக்கு இன்னொரு நாள் குடுங்க" என்றார் அத்தான்.

இயக்குநர் ஒரே ஒரு நாள் கொடுத்தார். அத்தான் குடுவையைப் பன்னிரண்டு முறை அலசிவிட்டுப் புதிதாகச் சமைத்தார்.

மறுநாள், மருந்தில்லாத குழாய் நன்றாகக் கலங்கியிருந்தது. மருந்துக் குழாயைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. கண்ணை இறுக மூடிக்கொண்டு, "நீங்களே பாருங்க அத்தான்" என்றேன்.

அவர் குழாயைத் தாங்கியிலிருந்து உருவி எடுக்கும் சத்தம் கேட்டது.

"அப்படியே மிச்சம் வச்சிருக்கு பாப்பா" என்றார். "ஒரு வாய்கூடத் தொடல!"

தான் சமைத்தது மிஞ்சிப்போனதற்கு அந்த மனுஷன் சிரித்ததை அன்றுதான் பார்த்தேன். மதியம் அவர் கட்டிக்கொண்டு வந்த சாப்பாட்டை, அவர் பங்கையும் சேர்த்து, நானே வழித்துச் சாப்பிட்டேன்.