பாண்டிச்சேரிக்குப் போன துண்டு

பிரெஞ்சுக்காரர்கள் வெளியேறிச் சில ஆண்டுகளே ஆகியிருந்தன. சிவகாசியில் பட்டாசு மருந்து கலக்கும் நான், சனிக்கிழமை வேலை முடிந்ததும் சட்டையை மட்டும் மாற்றிக்கொண்டு, மனைவி, கைக்குழந்தையோடு பாண்டிச்சேரிக்கு ரயிலேறினேன்.

ஞாயிறு முழுவதும் நூல் பிடித்தாற்போன்ற தெருக்களையும் மஞ்சள் வீடுகளையும் சுற்றிப் பார்த்தோம். சாயங்காலம் மாதா கோயிலில் குழந்தையின் பெயரில் மெழுகுவத்தி ஏற்றக் குனிந்தேன். தோளில் கிடந்த துண்டின் நுனி சுடரில் பட்டதும் மத்தாப்பாகச் சீறியது. மனைவி அதைப் பிடுங்கித் தரையில் போட்டு மிதித்தாள். காதோர முடி கருகியதோடு தப்பினேன்.

வாரம் முழுக்க மருந்துக் கையைத் துடைத்த துண்டு அது.

“ரயில்ல இதத்தான புள்ளைக்குப் போத்துனீக?” என்றாள் மனைவி. “பக்கத்துல இருந்தவரு பீடி குடிச்சுக்கிட்டே வந்தாரு.”

இப்போது கம்பெனித் துண்டு கம்பெனி வாசலைத் தாண்டுவதில்லை. குளித்த பிறகுதான் மகளைத் தூக்குகிறேன், அவள் எவ்வளவு அழுதாலும்.