கமூனா பெயர் மாறவில்லை

ஜெர்பா தீவில் எங்கள் யூதர் குடியிருப்பில் கமூனாவைத் தெரியாதவர் கிடையாது. முட்டை வைத்து மடித்துப் பொரிக்கும் பிரிக், அவள் கை பட்டால்தான் பிரிக். வாயும் அந்த எண்ணெய்ச் சட்டி மாதிரிதான். கிட்டே போகிறவர்தான் பார்த்துப் போக வேண்டும்.

முதல் கணவன் காய்ச்சலில் போனான். இரண்டாமவன் கிணறு தூர்வார இறங்கினான், ஏறவில்லை. அதற்குப் பிறகு ஊர் அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தது. பிரிக்கை மட்டும் வரிசையில் நின்று வாங்கித் தின்றது; அதற்கு எந்தத் தோஷமும் இல்லை போலிருக்கிறது.

அவளுடைய ஐம்பதாவது வயதில், வெள்ளி நகை செய்யும் ஹுவித்தா அவளைக் கட்டிக்கொள்வதாகச் சத்தியம் செய்தான். அவனும் மனைவியை இழந்தவன். கமூனாவுக்கு அவனைப் பிடித்திருந்தது, ரொம்பவே பிடித்திருந்தது. தனியாகச் சாப்பிட்டுச் சலித்துப் போயிருந்தாள்.

அங்கேதான் எழுத்துப் பலன் பார்க்கும் மதகுரு ரெபி பிஷி குறுக்கே வந்தார். எபிரேய எழுத்து ஒவ்வொன்றுக்கும் ஓர் உயிர், ஒரு குணம் உண்டு என்பது எங்கள் நம்பிக்கை. அவள் பெயரில் இருக்கும் ‘நூன்’ விழுகிற எழுத்தாம். இரண்டு ஆண்களையும் தள்ளியது அதுதானாம். புத்தாண்டில் ஆண்டவர், அந்த வருடம் உயிரோடு இருக்கப்போகிறவர்களின் பெயரை எழுதும் உயிர்ப் புத்தகத்தைத் திறப்பதற்குள் ‘ஹயா’, அதாவது உயிருள்ளவள், என்று பெயரை மாற்றிவிட வேண்டுமாம். கேட்ட ஹுவித்தா அடுத்தது தான்தான் என்று பயந்தான்; கமூனாவோ மாற்ற மாட்டேன் என்றாள்.

புத்தாண்டுக்கு முந்தின காலை, மூன்று பேர் முன் நின்று பழைய சத்தியங்களை அவிழ்த்துக்கொள்வது வழக்கம். ஹுவித்தாவும் தன் கல்யாணச் சத்தியத்தை அவிழ்க்கப் போய் நின்றான். அடுத்தவருக்குக் கொடுத்த வாக்கை அவர் இல்லாமல் அவிழ்க்க முடியாது என்று மூவரும் கமூனாவுக்கு ஆள் அனுப்பினார்கள். மாவுக் கையோடு வந்தாள்.

மூவரில் ஒருவராக ரெபி பிஷியே உட்கார்ந்திருந்தார். “பேர மாத்திக்கோம்மா, எல்லாம் சரியாயிடும். நூன் விழுற எழுத்து.”

“மழையுந்தான் விழுது ரெபி. விழலன்னா உங்க ஆலிவ் மரத்துல என்னத்தப் பறிப்பீங்க?”

“பெரியவங்ககிட்ட எகிறாதே.”

“எங்கம்மா வச்ச பேரு இது. என் புருஷனுங்க ரெண்டு பேரும் வாய் நிறையக் கூப்பிட்ட பேரு. அழுக்குத் துணியாட்டம் கழட்டிப் போடச் சொல்றீங்களே, வெக்கமா இல்ல?”

பிறகு ஹுவித்தாவின் பக்கம் திரும்பினாள். “நீ சொல்லுய்யா. கமூனா வேணுமா, வேணாமா?”

அவன் தன் செருப்பைப் பார்த்தான். “ஹயான்னு கூப்பிட்டா என்ன குறைஞ்சிடும்?”

இவர்கள் முன்னால் அழ மட்டும் மாட்டேன் என்று பல்லைக் கடித்தாள்.

“இந்த ஆள அவிழ்த்து விடுங்க ரெபி,” என்றாள்.

அன்று மாலை மீன் தலையைத் தட்டில் வைத்துக்கொண்டு தனியாக உட்கார்ந்தாள். ‘எங்களைத் தலையாக்கும், வாலாக்காதேயும்’ என்று வேண்டிக்கொண்டு தின்பது புத்தாண்டு வழக்கம். பயமாகத்தான் இருந்தது. ரெபி சொன்னது உண்மையாக இருந்துவிட்டால்? இந்த வருடமே அந்தப் புத்தகத்திலிருந்து தன் பெயரை அடித்துவிட்டால்? எழுந்து போய் ஜன்னலைத் திறந்து, தெருவே கேட்கும்படி சொன்னாள்:

“ஆண்டவரே, என்னை எழுதறதா இருந்தா கமூனான்னே எழுதும். அந்தப் பேர எழுத உமக்கும் கை கூசுதுன்னா, விட்டுடும். வேற எவ பேருலயும் நான் உயிரோட இருக்க மாட்டேன்.”