பயிற்சி இல்லாத பெண்

வீட்டில் கடைக்குட்டி என்பதால் பாப்பா என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். இருபது வயதைத் தாண்டியும் அந்தப் பெயர் அவளை விட்டுப் போகவில்லை. நர்சிங் கல்லூரியில் மட்டும்தான் அவளுக்கு முழுப்பெயர். வகுப்பில் அதைச் சொல்லிக் கூப்பிட்டால் யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று ஒரு கணம் சும்மா இருப்பாள். பிறகு துள்ளி எழுந்து "யெஸ் மேடம்" என்பாள். அந்தக் குரலில் இருந்த சந்தோஷத்துக்குத் தோழிகள் அவளை ஓட்டாத நாளில்லை.

அப்பா தையல்காரர். கடைத்தெரு முனையில் கடை. கைவேலையில் ஒரு குறை சொல்ல முடியாது, வாயில் ஒரு நல்ல வார்த்தை வராது. மகளுக்கு நர்சிங்கில் இடம் கிடைத்த அன்று, "நாலு பேரோட மூத்திரத்தை அள்றதுக்கு ஒரு படிப்பா?" என்று கேட்டவர் அவர்தான். ஆனால் சீருடை தைக்க அவள் வேறு கடைக்குப் போகிறாள் என்று தெரிந்ததும் துணியைப் பிடுங்கிக்கொண்டார். வெள்ளைப் பருத்தித் துணி. தோளில் ஒரு சுருக்கம் விழாமல் தைத்துக் கொடுத்துவிட்டு, "இனிமே போய் அள்ளு" என்றார். அவர் வாயிலிருந்து வந்த ஆசீர்வாதம் அதுதான் என்று எடுத்துக்கொண்டாள்.

மூன்றாம் வருஷம் நடந்துகொண்டிருந்தது. பாப்பா வார்டில் பயிற்சியில் இருந்தபோது அண்ணன் வந்து வாசலில் நின்றான். துணி வெட்டிக்கொண்டிருந்த அப்பா அப்படியே மேசை மேல் சாய்ந்துவிட்டாராம். வாய் கோணி, வலது கையும் காலும் விழுந்துவிட்டன. பக்கவாதம். உயிர் பிழைத்து வீட்டுக்கு வந்த மறுநாளே, யார் பார்த்துக்கொள்வது என்ற பேச்சு வந்தது.

"எனக்கு ரத்தத்தைப் பார்த்தாலே மயக்கம் வரும்" என்றாள் அண்ணி. அப்பாவுக்கு ஒரு சொட்டு ரத்தம்கூட வரவில்லை என்பதை யாரும் எடுத்துச் சொல்லவில்லை. அம்மாவுக்குச் சர்க்கரை, குனிந்தால் நிமிர முடியாது.

"வெளியாளை வெச்சா சரியா வருமா பாப்பா? நீ இதைத்தானே படிக்கிற?" என்றான் அண்ணன்.

"படிச்சு முடிக்கலையேண்ணா. இன்னும் ஒன்றரை வருஷம் இருக்கு."

"படிப்பு எங்க ஓடிப்போகுது? அப்பா எழுந்து உட்காரட்டும், நானே கொண்டுபோய் விடறேன்."

அவள் அம்மாவைப் பார்த்தாள். அம்மா தரையைப் பார்த்தாள். அதோடு முடிந்தது பேச்சு.

கல்லூரியில் சொல்லிக்கொடுத்த அத்தனையையும் அந்த ஒற்றை அறையில் கொட்டினாள். முதுகு புண்ணாகாமல் ஒருக்களித்துப் படுக்கவைப்பது, விழுங்கும்போது புரையேறாமல் தாடையைத் தாழ்த்திப் பிடிப்பது, செத்துக் கிடந்த விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி நீட்டுவது. அப்பாவோ நல்லாயிருந்த இடது கையால் அவளை அடித்தார். ஊட்டியதை அவள் முகத்தில் துப்பினார். குழறலாகத்தான் பேச்சு இருந்தது. திருந்தி வந்த முதல் வார்த்தை, "சனியனே."

"பேச்சு வந்துடுச்சு!" என்று அம்மா கைதட்டிச் சிரித்தாள். பக்கத்து வீடுகளுக்கெல்லாம் ஓடிப்போய்ச் சொன்னாள். பாப்பா சட்டையில் வழிந்த கஞ்சியைத் துடைத்துக்கொண்டு நின்றாள். அவளுக்கும் உள்ளுக்குள் கொஞ்சம் சந்தோஷமாகத்தான் இருந்தது. அதுதான் கொடுமை.

மழை பெய்துகொண்டிருந்த ஒரு வாரம், படுக்கைக்கு விரிக்கும் துணி ஒன்றுகூடக் காயவில்லை. அம்மா அலமாரியிலிருந்து சீருடையை எடுத்து வந்தாள்.

"சும்மாதானே தொங்குது. பருத்தி, நல்லா ஈரம் இழுக்கும்."

பாப்பா வாயைத் திறப்பதற்குள் கத்தரிக்கோல் தோளில் இறங்கிவிட்டது. கட்டிலில் கிடந்த அப்பா, தான் தைத்த தையலை மனைவி கிழிப்பதை உற்றுப் பார்த்தார். இவராவது தடுப்பார் என்று பாப்பா நினைத்தாள். "கோணலா வெட்டாதடி" என்றார் அவர்.

அந்தச் சமயத்தில்தான் டீச்சர் வந்தார். கல்லூரியில் நோயாளியைப் புரட்டவும் தூக்கவும் பாப்பாவுக்குக் கற்றுக்கொடுத்தவர். இப்போது முனைவர் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார். வீட்டு மனுஷர்களுக்கே எளிமையாக நர்சிங் சொல்லிக்கொடுத்தால் பக்கவாத நோயாளி சீக்கிரம் தேறுகிறாரா என்பது ஆராய்ச்சி. ஊரில் பல வீடுகளை எடுத்திருந்தார். அதில் இதுவும் ஒன்று. வாசலில் அவரைப் பார்த்ததும் பாப்பா ஓடி வந்தாள்.

"மேடம், என்னைத் திரும்பச் சேத்துக்குவாங்களா?"

டீச்சர் அவள் தோளைத் தட்டினார். "பிரின்சிபால்கிட்ட நான் பேசறேன், கவலைப்படாதே. ஆனா இப்ப பாதியில நீ விட்டுட்டு வந்தா, என் ஆராய்ச்சியில ஒரு வீடு குறைஞ்சுடும். இதை முடிச்சுக் கொடு. அப்புறம் நான் உன்னைக் கைவிட்டுடுவேனா?"

அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் பாப்பா நாளை ஓட்டினாள். டீச்சர் மாதாமாதம் வந்தார். அப்பாவின் வலது கையில், பிடியின் பலத்தை அளக்கும் ஒரு கருவியைக் கொடுத்து, "அழுத்துங்க ஐயா, இன்னும் அழுத்துங்க" என்பார். முதலில் முள் அசையவே இல்லை. பிறகு கொஞ்சம் அசைந்தது. பிறகு ஏறியது. அப்பா டம்ளரைப் பிடித்தார், பட்டன் போட்டார், சுவரைப் பிடித்து நின்றார். கைத்தடியோடு கடைத்தெரு வரைக்கும் நடந்த அன்று, டீச்சருக்கு வாயெல்லாம் பல். மற்ற எந்த வீட்டிலும் இப்படி ஒரு முன்னேற்றம் இல்லை என்றார். அப்பாவைக் கையெடுத்துக் கும்பிட்டார்.

கல்லூரியில் பெரிய கருத்தரங்கு வைத்தார்கள். வெளியூர்களிலிருந்தெல்லாம் பேராசிரியர்கள் வந்திருந்தார்கள். அப்பாவையும் பாப்பாவையும் காரில் அழைத்துப் போய் மேடையில் உட்காரவைத்தார்கள். முன் வரிசையில் அவளோடு படித்தவர்களில் இரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். இப்போது அங்கேயே பயிற்சியாளர்கள். கழுத்தில் அடையாள அட்டை. ஒருத்தி கை காட்டினாள், மற்றவள் கண்டுகொள்ளாதது மாதிரி பையில் எதையோ தேடினாள்.

டீச்சர் பேசினார். சுவரில் படம் படமாக ஓடியது. அப்பா கோணிய வாயோடு படுத்திருக்கும் படம், உட்கார்ந்திருக்கும் படம், நடக்கும் படம். கூட்டம் கைதட்டியது.

"இவரைத் தேற்றியது யார் தெரியுமா?" என்று டீச்சர் பாப்பாவின் பக்கம் கையை நீட்டினார். "எந்த மருத்துவப் பயிற்சியும் இல்லாத, சாதாரணக் குடும்பப் பெண். நாங்கள் சில வாரங்கள் சொல்லிக்கொடுத்ததுதான். அதற்கே இந்தப் பலன் என்றால் யோசித்துப் பாருங்கள்."

பாப்பாவுக்கு முதலில் புரியவில்லை. இன்னொரு வீட்டைப் பற்றிச் சொல்கிறார் போல என்று நினைத்தாள். புரிந்தபோது காது இரண்டும் சுட்டன. இரண்டரை வருஷம் இதே கட்டடத்தில் படித்தவள். அது தெரிந்தால் ஆராய்ச்சி நிற்காது. பயிற்சி இல்லாதவர்களால் முடியும் என்பதல்லவா முடிவு? அந்த முடிவுக்காக அவளுடைய படிப்பையே இல்லாமல் செய்துவிட்டார்கள்.

பின்வரிசையில் ஒரு மாணவி எழுந்தாள். "அக்கா, படுக்கைப்புண் ஒண்ணுகூட வரலைன்னு சொல்றாங்க. எப்படிக்கா?"

பாப்பா மைக்கை வாங்கினாள். "நான் இங்கேதான்..." என்று ஆரம்பித்தாள்.

டீச்சரின் கை அவள் முழங்கையைப் பிடித்தது. பிடியில் அன்பு இருப்பதுபோல்தான் தூரத்திலிருந்து தெரிந்திருக்கும். "இங்கேதான் வந்து கத்துக்கிட்டாங்க" என்று டீச்சர் சிரித்தபடி முடித்துவைத்தார். குனிந்து அவள் காதில், "உன் சீட்டைப் பத்தி இன்னிக்குத்தான் பேசப்போறேன்" என்றார். பாப்பா மைக்கைக் கீழே வைத்தாள்.

மைக் அப்பாவிடம் போனது. தேறியதற்கு யார் காரணம் என்று கேட்டார்கள்.

"என் மனதைரியம்" என்றார் அப்பா. "அப்புறம், சிங்கம் மாதிரி மகன் இருக்கான்." அதற்கும் கைதட்டினார்கள்.

டீச்சருக்குப் பட்டம் கிடைத்தது. பிறகு ஒருநாள் கல்லூரிக்குப் போன பாப்பாவிடம், இத்தனை இடைவெளி விட்டவர்களைச் சேர்க்க விதியில் இடமில்லை என்றார். வேண்டுமானால் முதல் வருஷத்திலிருந்து ஆரம்பிக்கலாம், ஆனால் அதற்கு முழுக் கட்டணத்தையும் மறுபடி கட்டவேண்டுமே என்றும் சொன்னார். "நீ எங்க இருந்தாலும் நல்லா வருவே" என்று சொல்லிக்கொண்டே கைக்கடிகாரத்தைப் பார்த்தார். வகுப்புக்கு நேரமாகிவிட்டிருந்தது.

வீட்டில் வந்து சொன்னாள். "விட்டது சனியன்" என்றார் அப்பா. அங்கே வந்திருந்த அண்ணன் டீவியின் சத்தத்தைக் குறைக்கவில்லை. அன்று அவள் அழவில்லை. ஒரு பையில் துணிமணியை எடுத்துக்கொண்டு ஊரின் மறுகோடியில் இருந்த ஒரு வீட்டுக்கு வேலைக்குப் போய்விட்டாள். இடுப்பெலும்பு முறிந்த ஒரு ஓய்வுபெற்ற வங்கி அதிகாரியம்மாவைப் பார்த்துக்கொள்ளும் வேலை. அந்த அம்மாள் அவளை "சிஸ்டர்" என்று கூப்பிட்டார். "நான் படிச்சு முடிக்கலை மேடம்" என்றாள் பாப்பா. "முடிச்சவங்கதான் போன மாசம் என்னைக் கீழ போட்டாங்க" என்றார் அந்த அம்மாள். பல காலத்துக்குப் பிறகு பாப்பா வாய்விட்டுச் சிரித்தாள்.

அம்மாவோடு அப்பா அண்ணன் வீட்டுக்குப் போனார். மாத்திரையைச் சரியாகப் போடவில்லை, யாரும் போடச் சொல்லவுமில்லை. இரண்டாவது முறை வாதம் வந்தது. இந்தத் தடவை முழுசாகச் சாய்த்துவிட்டது. அண்ணன் அவள் வேலை செய்யும் வீட்டு வாசலில் வந்து நின்றான்.

"பாப்பா, கிளம்பு. அப்பா கிடக்கறதைப் பாக்க முடியலை."

"எனக்குப் பயிற்சி இல்லையேண்ணா" என்றாள்.

"என்ன விளையாடறியா? நீ பாத்துதானே அவர் நடந்தாரு?"

"அவரோட மனதைரியத்துல நடந்தாரு. சிங்கம் மாதிரி நீ இருக்க. அண்ணிக்குச் சில வாரம் சொல்லிக்கொடுத்தா போதும், டீச்சரே சொல்லியிருக்காங்க."

"கல்லு மனசுடி உனக்கு!"

"ஆமா" என்றாள். உள்ளே அதிகாரியம்மா நடைபழகும் நேரம். கதவைச் சாத்திக்கொண்டு போனாள்.

ஒரு மாதத்துக்குமேல் அவளால் தாங்க முடியவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை போனாள். அறைக்குள் நுழையும்போதே வாடை சொல்லிவிட்டது. அப்பாவைப் புரட்டினாள். முதுகின் அடியில் உள்ளங்கை அகலத்துக்குப் புண். உள்ளே வெள்ளையாக எலும்பு. அண்ணி வாசலிலேயே மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றாள். பாப்பா தண்ணீர் காய்ச்சித் தரச் சொல்லி வாங்கி, உப்புப் போட்டு ஆறவைத்து, புண்ணைக் கழுவிக் கட்டுப்போட்டாள். அப்பாவுக்குப் பேச்சில்லை. கண்ணில் நீர் வழிந்துகொண்டே இருந்தது. வலியாலா வேறெதனாலா என்று அவளுக்குத் தெரியவில்லை, தெரிந்துகொள்ளவும் அவள் விரும்பவில்லை. கொஞ்சம் உயிர் மிச்சமிருந்த இடது கையால் அவள் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டார். ஊட்டும்போது அடித்த அதே கை.

"அண்ணி, கவனிச்சுக்கங்க. இப்படித்தான் புரட்டணும். ரெண்டு மணி நேரத்துக்கு ஒருதரம். இன்னிக்கே டாக்டர்கிட்ட காட்டணும்" என்றாள். செய்து காட்டினாள். பிறகு சட்டையைப் பிடித்திருந்த விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தாள். அவற்றை எப்படி வலிக்காமல் பிரிப்பது என்பது அவளுக்கு நன்றாகவே தெரியும். பேருந்து ஏறும்வரை அவள் திரும்பிப் பார்க்கவில்லை. ஏறி உட்கார்ந்ததும் உடம்பு உதறியது. பக்கத்து இருக்கைக்காரி, "காய்ச்சலா?" என்று கேட்டாள். "இல்லீங்க, பசி" என்றாள் பாப்பா.

அடுத்த வாரமே அப்பா போய்விட்டார். புண்ணிலிருந்து விஷம் உடம்பெங்கும் ஏறிவிட்டது என்றார் டாக்டர். சொந்தக்காரர்கள் பாப்பா முகத்தில் விழிக்கவில்லை. பெற்றவனைக் கொன்றவள் என்று அவள் காதுபடவே சொன்னார்கள். சொன்னவர்களில் ஒருவர்கூட அந்த அறைக்குள் எட்டிப் பார்த்ததில்லை. அண்ணி மூன்றுமுறை மயங்கி விழுந்தாள். அவளுக்கு எல்லாரும் விசிறிவிட்டார்கள்.

அதற்குப் பிறகு அம்மாவை வைத்துக்கொள்ள அண்ணன் வீட்டில் இடம் போதவில்லையாம். பாப்பா ஒரு சின்ன வீடு பிடித்து அம்மாவை அழைத்து வந்தாள். இருவரும் அதிகம் பேசிக்கொள்வதில்லை. காலையில் அவள் வேலைக்குக் கிளம்பும்போது அம்மா வாசலில் வந்து நிற்பாள். சாயங்காலம் வரும்போதும் அங்கேயே நிற்பாள்.

ஒரு மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தபோது அம்மா தட்டில் கை வைக்காமல் இருந்தாள்.

"எனக்கு ஒண்ணுன்னா..." என்று இழுத்தாள். "நீ பாத்துக்குவியாடி?"

பாப்பா நிமிர்ந்து பார்த்தாள். அம்மாவின் காலில் கட்டைவிரலுக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கருமை தெரிந்தது. சர்க்கரைக்காரர்களுக்கு அது எங்கே போய் நிற்கும் என்று அவளுக்குத் தெரியும். அம்மாவுக்குத் தெரியாது.

"சாப்பிடும்மா, ஆறிடப்போகுது" என்றாள்.