வெள்ளைத் துண்டில் கிராம்பு

"கிட்ட வராத. அங்கனயே இரு."

காலையில் கம்பெனிக்குக் கிளம்புமுன் இசக்கிமுத்து இதைச் சொல்லாத நாளில்லை. கையில் ஒரு துண்டுப் பனியன் துணி, அதில் ஒரே ஒரு சொட்டு வாசனை எண்ணெய். எதிரே ஸ்டூலில் அவர் மனைவி அமராவதி. துணியை அவள் மூக்குக்கு ஒரு சாண் தள்ளிப் பிடிப்பார். அவளோ கழுத்தை நீட்டி அதற்குள்ளேயே முகத்தைப் புதைக்கப் பார்ப்பாள். "ஏட்டி, மூக்கு எரிஞ்சு போகும்லா!" என்று அதட்டுவார். அதட்டல் என்று பேர்தான், பூனைக்குட்டிகூடப் பயப்படாது.

இசக்கிமுத்து பனியன் கம்பெனியில் துணி வெட்டும் கட்டிங் மாஸ்டர். நாங்குநேரிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவர். அமராவதி குன்னத்தூர்க்காரி, அதே கம்பெனியில் தைத்த பீஸைச் சரிபார்க்கும் செக்கிங்கில் இருந்தவள். போன வருஷம் அவளுக்கு வந்த காய்ச்சல், போகும்போது வாசனையையும் கூடவே கொண்டுபோய்விட்டது. ரசமும் சுடுதண்ணீரும் அவளுக்கு ஒன்றாகிவிட்டன. ஒரு நாள் பால் பொங்கி அடுப்பு அணைந்து காஸ் வீடெல்லாம் பரவியிருக்க, அவள் பாட்டுக்கு உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். சாப்பிட வந்த இசக்கிமுத்து வாசலிலேயே கண்டுகொண்டார். அன்றிலிருந்து அவளைத் தனியே விட்டுப் போகுமுன் அடுப்புத் திருகை இரண்டு தடவை பார்த்துவிட்டுத்தான் கிளம்புவார்.

டாக்டர்தான் இந்தப் பயிற்சியைச் சொன்னார். ரோஜா, எலுமிச்சை, கிராம்பு, நீலகிரித் தைலம், நான்கையும் தினமும் முகரவேண்டும். வாசனை திரும்பி வந்தாலும் வரும், மாதக்கணக்காகலாம். முகர மட்டும்தான், குடிக்கவோ தோலில் அப்படியே தடவவோ கூடாது. மனிதர் அதை உடும்புப்பிடியாகப் பிடித்துக்கொண்டார். குப்பிகள் மூடி இறுக்கி அலமாரியின் மேல்தட்டில். சளி பிடித்த கைக்குழந்தையோடு வந்த பக்கத்து வீட்டுப் பாண்டியம்மாள், "மூக்குல லேசாத் தடவிவிடுதேண்ணே, தைலம் ஒரு சொட்டு குடுங்க" என்று கேட்டபோது, "வேற என்ன வேணும்னாலும் கேளு தாயி, தாரேன். இது பச்சப்பிள்ளைக்கு ஆகாது, மூச்சு முட்டிரும்" என்று சொல்லி, ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். எண்ணெய் தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவாமல் கம்பெனித் துணியைத் தொடவும் மாட்டார். ஒரு பொட்டுக் கறை பட்டால் பீஸ் ரிஜெக்ட்.

இவ்வளவு கவனமுள்ள ஆள் ஒன்றில் கோட்டை விட்டார். கட்டிங் மாஸ்டர் புத்தி, வேறென்ன! எண்ணெய்க்கு ஒரு கலர் என்று பிரித்து வைத்துவிட்டார். ரோஜாவுக்கு ரோஸ் துண்டு, எலுமிச்சைக்கு மஞ்சள், கிராம்புக்குச் சிவப்பு, தைலத்துக்குப் பச்சை. கொஞ்ச நாளிலேயே அமராவதி நாலையும் டக்கு டக்கென்று சொல்லத் தொடங்கினாள். கம்பெனி முழுக்க மைசூர்பாகு கொடுத்தார், பாவம்.

அப்புறம் ஒரு காலை சிவப்புத் துண்டு தீர்ந்துபோயிருந்தது. சரி போகட்டும் என்று மஞ்சளிலேயே கிராம்பு எண்ணெயை விட்டு நீட்டினார்.

"எலுமிச்சைங்க" என்றாள் அமராவதி.

அவருக்குக் கோபம் வரவில்லை. நீட்டிய துண்டைக் கீழே இறக்கினார். "நெசமாவே ஒண்ணுமே தெரியலியாட்டி?"

"தெரியலீங்க. தெனமும் என்ற மூஞ்சியவே பாத்துட்டு நிக்கறீங்க. இல்லீங்கன்னு சொல்ல மனசு வரலீங்க."

மறுநாளிலிருந்து நாலு எண்ணெய்க்கும் வெள்ளைத் துண்டுதான். அவள் "தெரியலீங்க" என்பாள். அவர் "நாளைக்குப் பாப்போம்" என்பார். மழைக்காலம் போய்ப் பங்குனி வெயிலும் வந்துவிட்டது. அவருக்கு ஆசை விடவில்லை. வெளியே காட்டிக்கொள்ளத்தான் பயம்.

இன்றும் அப்படித்தான். ரோஜாவுக்குத் தெரியலீங்க. எலுமிச்சைக்கும் தெரியலீங்க. மூன்றாவதாகக் கிராம்பு. வழக்கம்போல, கிட்ட வராத என்று சொல்ல வாயெடுத்தார்.

ஒரு சாண் தள்ளியிருந்த வெள்ளைத் துண்டுக்கு முகத்தைச் சுளித்து, அமராவதி தலையை வெடுக்கென்று பின்னால் இழுத்துக்கொண்டாள்.