நீல முக்காட்டுக்காரி

கல்யாண மண்டபத்துக்குக் கிளம்பும்போது யமீனா நீல முக்காட்டை எடுத்துக் கட்டினாள். தங்கை நாசிராவுக்குப் பகீரென்றது.

“வேற முக்காடே கெடைக்கலையா உனக்கு? ரஹ்மூனா வருவா, அந்தப் பாட்டைக் கேப்பா. அக்கா, உன் காலப் புடிச்சுக் கேக்குறேன், இன்னிக்கு மட்டும் பின்கட்டுல பலகாரத்தைப் பாத்துக்கிட்டு இருந்துடேன்.”

“பலகாரத்துக்கு ஆளிருக்கு. பொண்ணை வளத்தவ நான். சபையிலதான் உக்காருவேன்.”

மலையடித் துறைமுக நகரமான ஓரானில் அந்தப் பாட்டைத் தெரியாதவர்கள் கிடையாது. எழுதிப் பாடியவன் லக்தர், யமீனாவுக்கு நிச்சயிக்கப்பட்டிருந்தவன். கோடையில் கூப்பிட்டுக்கொள்கிறேன் என்று சொல்லி கடல் தாண்டி மார்செய்லுக்குக் கப்பல் ஏறினான். கோடை வந்தது, அவன் அங்கே வேறு கல்யாணம் செய்துகொண்ட செய்தியும் வந்தது. அதற்கடுத்து இந்தப் பாட்டு வந்தது. நீல முக்காட்டுக்காரி ஒருத்தி சொன்ன சொல்லைக் கடலில் போட்டுவிட்டு அவனை விட்டுப் போய்விட்டாளாம். கேட்டவர்கள் உருகினார்கள். நீல முக்காடு யாருடையது என்று தெருவுக்கே தெரியும்.

கடுதாசி என்றால் கிழித்துப் போடலாம். வம்பு பேசுகிறவளை வாசலில் நிறுத்தி நாலு வார்த்தை கேட்கலாம். பாட்டை என்ன செய்வது? ரொட்டிக் கடையிலும் அது பாடும், வாடகைக் காரிலும் பாடும். யமீனா கல்யாணங்களுக்குப் போவதையே விட்டாள். பெண்கள் பள்ளியில் அரபு இலக்கியம் நடத்தினாள், வேறு யாரையும் கட்டிக்கொள்ளவில்லை. நாசிரா ஆஸ்பத்திரியில் வேலை பார்த்ததால், அவள் மகள் சிஹாம் பெரியம்மா மடியிலேயே வளர்ந்தாள். இன்று அவளுக்குத்தான் கல்யாணம்.

வகுப்பில் யமீனா ஒரே கேள்வியை வருஷாவருஷம் கேட்பாள். பிரிவைப் பாடுகிற கவிதை எதுவானாலும் சரி, “அழுறது யாருன்னு அப்புறம் பாப்போம். நிக்கிறது யாரு, நகர்றது யாரு? அதை மொதல்ல சொல்லுங்கடி” என்பாள். அந்தக் கேள்வியை லக்தரின் பாட்டிடம் அவள் என்றோ கேட்டுவிட்டாள், பதிலும் கிடைத்துவிட்டது. அதை யாரிடம் போய்ச் சொல்வது என்பதுதான் தெரியவில்லை.

மண்டபத்தில் ஆண்களுக்கு இடமில்லை. பாட்டுக்காரி ஹலூமா மேளக்காரிகளோடு நடுவில் உட்கார்ந்திருந்தாள். அங்கே ஒரு வழக்கம் உண்டு. யாராவது ஒரு பண நோட்டை நீட்டினால் பாட்டு நிற்க வேண்டும். கொடுத்தவள் சொல்வதை ஒரு வார்த்தை விடாமல் பாட்டுக்காரி உரக்கச் சொல்ல வேண்டும், அதற்கப்புறம்தான் மேளம். வாழ்த்தோ வசையோ, குறுக்கே பேச யாருக்கும் உரிமை இல்லை.

லக்தரின் அக்கா ரஹ்மூனா அதே கட்டடத்தில் குடியிருப்பவள். அழைக்காமல் இருக்க முடியாது. எழுந்து வந்து நோட்டை நீட்டினாள்.

“என் தம்பி பாட்டு, முழுசா! சொன்ன சொல்லைக் காப்பாத்தத் தெரியாத பொம்பளைங்களுக்கும், அவங்க வளத்துவிட்ட பொண்ணுங்களுக்கும்!”

ஹலூமா தயங்கித் தயங்கி அதைச் சொன்னாள். மாப்பிள்ளையின் அம்மா பாதாம் கேக்கை வாய்க்குக் கொண்டுபோன கையை அப்படியே நிறுத்தி, மணப்பெண்ணைப் பார்த்தாள். சிஹாமின் முகம் செத்துப்போயிற்று. யமீனா அதைப் பார்த்தாள். தன்னைச் சொன்னால் தாங்குவாள். இருபது வருஷம் தாங்கியிருக்கிறாள். இந்தக் குழந்தை என்ன பாவம் செய்தாள்?

மேளம் தொடங்கியது.

*நீல முக்காட்டுக்காரி விட்டுப் போனாளே,*
*சொன்ன சொல்லைக் கடலிலே போட்டுப் போனாளே.*

*கம்பி புடிச்ச கையிலே குளிர் ஏறுதே,*
*நீல முக்காடு கடுகாய்ச் சிறுத்துப் போகுதே.*

யமீனா எழுந்து நடந்தாள். நாசிரா பிடித்து இழுத்த கையை உதறினாள். நோட்டை நீட்டியதும் மேளம் நின்றது.

“நீல முக்காட்டுக்காரி கேக்குறா, கம்பி எங்க இருக்கும்? துறைமுகத்துல வழியனுப்புறவங்க நிக்கிற எடத்துல கம்பி உண்டா?”

ஹலூமா சொல்லிவிட்டு, தானே ஒரு நிமிஷம் யோசித்தாள். “கப்பல் ஓரத்துலதான் புடிச்சுக்கக் கம்பி இருக்கும்” என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது. ரஹ்மூனா ஹலூமா பக்கம் திரும்பினாள். “முழுசா பாடு!” என்று அதட்டினாள். ஹலூமா அடுத்த அடிக்குப் போனாள்.

*மலையுச்சிக் கோட்டையும் மறைஞ்சு போகுதே,*
*எலுமிச்சை போல எங்க ஊரும் சுருங்கிப் போகுதே.*

இரண்டாவது நோட்டு நீண்டது.

“நீல முக்காட்டுக்காரி மறுபடியும் கேக்குறா. கப்பல் ஏறிப் போனது அவதான்னா, இந்த மலை ஏன் மறையுது? அதுவும் அவகூடக் கப்பல் ஏறிடுச்சா?”

ஹலூமா பாதியிலேயே சிரித்துவிட்டாள். மண்டபம் கொல்லென்றது. இத்தனை வருஷமாக அந்தப் பாட்டுக்கு இடுப்பை ஆட்டியவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஜன்னலுக்கு வெளியே மலை அதன் இடத்தில் நின்றுகொண்டிருந்தது.

ரஹ்மூனாவுக்கு முகம் சிவந்தது. வழக்கத்தை மறந்து நேராகவே கத்தினாள். “என் தம்பி அழுதுக்கிட்டே எழுதின பாட்டுடீ அது!”

“அழுதுதான் எழுதியிருப்பான் அக்கா, நான் இல்லைங்கல,” என்றாள் யமீனா. “மொத ரெண்டு வரியை ஊருக்காக எழுதுனான். மிச்சத்தை அந்தக் கை எழுதிடுச்சு. கம்பியைப் புடிச்சிருந்த கைக்குப் பொய் சொல்லத் தெரியல. நல்ல பாட்டு. உங்க தம்பியைவிட நல்ல பாட்டு.”

“ஹலூமா, நிறுத்து இந்த எழவை!”

“எப்படிங்க நிறுத்துறது? முழுசான்னு சொல்லி நீங்கதான கொடுத்தீங்க? இன்னும் ரெண்டு அடி பாக்கி இருக்கு,” என்று ஹலூமா மேளக்காரிகளுக்குக் கண்ணைக் காட்டினாள்.

யமீனா கடைசி நோட்டை அவள் நெற்றிப்பட்டையில் செருகி, காதோடு சொன்னாள். இந்த முறை ஹலூமா அடிவயிற்றிலிருந்து கூவினாள்.

“நீல முக்காட்டுக்காரிக்கு ஒரு பேர் இருக்கு! யமீனா! துறைமுகத்துல கடைசிவரைக்கும் நின்னவ! அவ வளத்த பொண்ணு சிஹாமுக்கு!”

மேளம் இடி இடித்தது. யமீனா தலையிலிருந்து முக்காட்டை அவிழ்த்து இடுப்பில் இறுக்கிக் கட்டினாள். நடுக்கூடத்துக்கு வந்து, தன்னைப் பழித்த பாட்டுக்கே தோளைக் குலுக்கி ஆடத் தொடங்கினாள். முதல் குலவை நாசிராவிடமிருந்து வந்தது. மாப்பிள்ளையின் அம்மா கேக்கைத் தட்டில் வைத்து, கையைத் துடைத்துக்கொண்டு, மணப்பெண்ணை இழுத்துக்கொண்டு ஆட வந்தாள். ரஹ்மூனா தன் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தாள்.