நாளைக்கு இரண்டு டம்ளர்

இருபத்திரண்டு வயதில் எனக்குச் சிறுநீரகத்தில் கல் வந்ததற்குக் காரணம் படிப்பு. படிக்காதவனாக இருந்திருந்தால் தாகம் எடுத்தபோது தண்ணீர் குடித்துவிட்டுச் சும்மா இருந்திருப்பேன்.

எழுபதுகளின் கடைசி. தீயணைப்பு வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள், திருச்சியில் ஓட்டம் வைத்துப் பொறுக்குவார்கள் என்று தகவல் வந்தது. செட்டிகுளத்தில் எங்கள் வீட்டைச் சுற்றி வெங்காயக் காடு. அந்தக் காட்டில் நான் எவ்வளவு உதவுவேன் என்பது அப்பாவுக்குத் தெரியும். அதனால் அக்கா வீட்டில் ஒரு மாதம் தங்கி ஓடிப் பழகச் சொல்லி அரியலூருக்கு அனுப்பிவிட்டார். ஓட்டத்தில் தேறினால் அரசாங்க வேலை, தேறாவிட்டால் வெங்காயம். எனக்கு அதில் குழப்பமே இருக்கவில்லை.

அரியலூரில் எங்கே தோண்டினாலும் சுண்ணாம்புக்கல். அக்கா வீட்டு வெந்நீர்ப் பானையின் உள்ளே நகத்தடிமனுக்கு வெள்ளைப் பொருக்கு கட்டியிருந்தது. சோப்பு நுரைக்க மறுத்தது. பருப்பு வேக மறுத்தது. குகைக் கூரையிலிருந்து சொட்டுகிற சுண்ணாம்பு நீர் நாளடைவில் கல்தூணாகவே வளர்ந்துவிடும் என்று நூலகத்தில் படித்திருந்தேன். குகையில் நடப்பது பானையிலும் நடக்கிறதென்றால், என் வயிற்றை மட்டும் விட்டுவைக்க அதற்கு என்ன அவசியம்? யோசித்தேன். ஒரு நாளைக்கு இரண்டு டம்ளருக்கு மேல் தண்ணீர் தொடுவதில்லை என்று முடிவெடுத்தேன்.

தினமும் வெயில் ஏறும்வரை ஓடிவிட்டு இந்த முடிவைக் கடைப்பிடித்தேன். மூன்றாவது வாரம் இடது விலாவுக்குக் கீழே வலி கிளம்பி அடிவயிறுவரை இறங்கியது. நின்றாலும் வலி, படுத்தாலும் வலி. அக்கா வாயு என்று சொல்லி இஞ்சி தட்டிக் கொடுத்தாள். இஞ்சிக்கு அது கட்டுப்படவில்லை. சாயங்காலம் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே டாக்டரிடம் போனேன்.

அவர் அழுத்திப் பார்த்துவிட்டு, கல்லாக இருக்கலாம் என்று சொல்லிக்கொண்டே எழுத ஆரம்பித்தார்.

"தண்ணிப் பழக்கம் உண்டா?"

"ரொம்பக் கம்மி சார். நாளைக்கு ரெண்டு டம்ளர்."

பேனா நின்றது. "தெனமுமா?"

"ஆமாங்க. காலையில ஒண்ணு, ராத்திரி சாப்பிட்டதும் ஒண்ணு."

"காலையிலயேவா." மதுவிலக்கு இருந்த காலம் அது. அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "எங்க கெடைக்குது?"

"தெருமுனையிலயே வருதுங்க. காலையில ஒரு மணி நேரம், சாயங்காலம் ஒரு மணி நேரம்."

"யாரும் கேக்கறதில்லையா?"

"கூட்டமாத்தான் இருக்கும் சார். முந்துனவங்களுக்குக் கெடைக்கும். எனக்கு அக்காதான் கொண்டாந்து ஊத்திக் குடுக்கும்."

டாக்டர் பேனாவை மூடி வைத்தார். "இந்தா பாரு தம்பி. இன்னியோட விட்டுடு. ஒரு சொட்டு படக்கூடாது. ஒடம்புக்கு அதைப் போல எதிரி வேற கெடையாது."

மருத்துவம் என் கருத்தை இத்தனை முழுமையாக ஏற்றுக்கொள்ளும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. வலிக்குக் கொடுத்த மாத்திரையைக்கூட மோரில்தான் விழுங்கினேன். மூன்று நாள், சோற்றில் இருக்கிற ஈரத்தையும் இரண்டு வேளைக் காப்பியையும் நம்பி ஓடினேன். நான்காம் நாள் மைதானத்தில் சுருண்டு விழுந்தேன். திருச்சி ஓட்டத்துக்குப் பத்தே நாள் இருந்தது.

இந்த முறை அக்கா என்னை ரிக்‌ஷாவில் அள்ளிப் போட்டுக்கொண்டு வந்தாள். டாக்டர் என்னை விட்டுவிட்டு அவளைப் பிடித்துக்கொண்டார்.

"ஏம்மா, கூடப் பொறந்த தம்பிக்கு நீங்களே ஊத்திக் குடுக்கலாமா?"

"நான் குடுக்காம வேற யாருங்க குடுப்பா? இவன் குடிக்கறதெல்லாம் ஒரு குடியா? எங்க வூட்டுல ரெண்டு வயசுப் புள்ள இவனைவிட ஜாஸ்தி குடிக்கும்."

டாக்டர் கண்ணாடியைக் கழற்றினார். "புள்ளைக்குமா?"

"தாகம் எடுத்தா குடுக்காம எப்படிங்க? நீங்க சொன்னீங்கன்னு மூணு நாளா இவன் ஒரு வாய் தொடமாட்டேங்கறான். குழாத் தண்ணிதான் ஆகாதுன்னா, கெணத்துத் தண்ணியாவது குடுக்கலாமுங்களா?"

டாக்டர் மெதுவாக என் பக்கம் திரும்பினார்.

"நீ சொன்னது தண்ணியவா?"

"அதைத்தானே சார் கேட்டீங்க."

"எத்தனையோ பேர்ட்ட தண்ணிய விடச் சொல்லியிருக்கேன். ஒருத்தன் கேட்டதில்ல. கேட்ட ஒரே ஆளு நீதான்."

அக்காவுக்கு விஷயம் புரிந்ததும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். வலியில் முறுக்கிக்கொண்டு கிடந்தவனைப் பார்த்து இப்படிச் சிரித்த ஒரு பெண்ணை நான் அதற்குப் பிறகு கண்டதில்லை.

குகைத் தூண் பற்றி டாக்டரிடம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். தண்ணீரில் இருக்கிற சுண்ணாம்பு நேரே போய்க் கல்லாவதில்லை. தண்ணீர் போதாமல் சிறுநீர் கெட்டிப்படும்போதுதான் அதிலிருக்கிற உப்பு படிந்து கல்லாகிறது. வியர்க்க வியர்க்க ஓடிவிட்டுக் குடிக்காமல் இருப்பவனுக்கு இன்னும் சுலபமாக வரும் என்றார். "ஒண்ணுக்குப் போறப்ப நெறத்தைப் பாரு. மஞ்சளா இருந்தா இன்னும் குடி. புஸ்தகத்தைப் பாக்காத."

அன்றிலிருந்து அக்கா ஒரு சொம்பை என் கையில் கொடுத்துவிட்டு, காலியாகும்வரை எதிரிலேயே நின்றாள். ஐந்தாம் நாள் கடுகளவு கல் ஒன்று தானாக வெளியேறியது. குகைத் தூணை எதிர்பார்த்திருந்தவனுக்கு அது அவமானமாகத்தான் இருந்தது. ஆனால் மைதானத்தில் வேறொன்று நடந்தது. அதுவரை மூன்றாவது சுற்றிலேயே நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும், தலை கிறுகிறுக்கும். என் உடம்பின் லட்சணமே அவ்வளவுதான் என்று நினைத்திருந்தேன். அது வெறும் தாகம். குடித்துவிட்டு ஓடியபோது மூன்றாவது சுற்று வந்ததே தெரியாமல் கடந்து போயிற்று.

திருச்சியில் ஓட்டம் தொடங்க வெயில் ஏறிவிட்டது. பக்கத்தில் நின்றவர்கள் குழாய்த் தண்ணீரை வாயில் விட்டுக் கொப்பளித்துத் துப்பிக்கொண்டிருந்தார்கள். நான் விழுங்குவதைப் பார்த்து ஒருவன், "வயிறு புடிச்சிக்கும்டா, துப்பு" என்றான். எனக்கு இரக்கமும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. காலையிலிருந்து குடித்த கணக்கும் சேர்ந்துகொள்ள, விசில் ஊதிய நேரத்தில் நான் மைதானத்தின் மறுகோடியில் சுவரைப் பார்த்து நின்றுகொண்டிருந்தேன்.

பாதியில் நிறுத்த முடியாத காரியம் அது. முடித்துக்கொண்டு ஓடி வந்து கோட்டைத் தாண்டியபோது கூட்டம் அரைச் சுற்று முன்னால் இருந்தது. பயம் வரவில்லை. இரண்டாவது சுற்றில் ஒருவரும் அகப்படவில்லை. மூன்றாவதில், துப்பச் சொன்னவன் இடுப்பில் கைவைத்து நடந்துகொண்டிருந்தான். அதற்கப்புறம் ஒவ்வொருவராகப் பின்னால் போனார்கள். முதலாவதாக ஒன்றும் வரவில்லை. ஏழாவதோ எட்டாவதோ வந்தேன்.

கடிகாரத்தோடு நின்ற அதிகாரி என்னை ஏற இறங்கப் பார்த்தார். "விசில் ஊதுனப்ப நீ இங்க இல்லையே?"

"லேட்டாத்தான் சார் கெளம்பினேன்."

அவர் கடிகாரத்தை இன்னொரு முறை பார்த்தார். பிறகு தேறியவர்கள் நின்ற வரிசையைக் காட்டி, "போய் நில்லு" என்றார்.